தேதிக்குப் பின்னால் இருந்த கணக்கு

"அக்கா, இனிமே எனக்குத் தேதி சொல்லாதக்கா."

2024 ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது வாரத்தில், சிறையில் பார்க்கப் போனபோது, வலைக்கு அப்பால் நின்றுகொண்டு என் தம்பி சொன்ன வாக்கியம் இது. அவன் கோபப்படவில்லை, அழவும் இல்லை. மிகவும் களைத்துப்போன ஒருவனின் குரலில் சொன்னான். அந்த மாதம் 14-ஆம் தேதி அவன் வெளியே வந்துவிடுவான் என்று அவனுக்கும் அம்மாவுக்கும் சொன்னவள் நான். வியாசர்பாடியில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அம்மா அந்த நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். அவனுக்குப் புதுச் சட்டை ஒன்று வாங்கி, பீரோவில் மேல் தட்டில் வைத்திருந்தார். உள்ளே அவனும் தன்னுடைய பக்கெட்டையும் போர்வையையும் யாரிடம் கொடுத்துவிட்டு வருவது என்றுகூட முடிவு செய்துவிட்டிருக்கிறான். 14-ஆம் தேதி வந்தது, போயிற்று. அதற்கு இரண்டு நாட்கள் முன்பு சிறைக்குத் தொலைபேசியில் பேசியபோது, "2025 ஏப்ரல்" என்று ஒருவர் சொன்னார். 14 கடந்து இரண்டு நாட்கள் கழித்து மீண்டும் பேசியபோது வேறொருவர், "ஜூலை போட்டிருக்கு" என்றார். ஒரே மனிதனுக்கு மூன்று விடுதலைத் தேதிகள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஏறக்குறைய பதினொரு மாதங்கள்.

என் தம்பி இரண்டு வீடுகளில் இரவில் புகுந்து திருடிய வழக்குகளில் தண்டிக்கப்பட்டவன். அதை நான் மறைக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. நான் எழுத வந்தது வேறு. ஒன்றரை ஆண்டு காலம், விடுதலைத் தேதி என்பது ஏதோ ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் என்றும், சரியான ஆளைப் பிடித்துச் சரியான நேரத்தில் கேட்டால் அதைப் படித்துச் சொல்லிவிடுவார்கள் என்றும் நம்பினேன். பதிவேட்டில் ஒரு தேதி இருப்பது உண்மைதான். ஆனால் அது ஒரு கணக்கின் விடை. அந்தக் கணக்குக்குள் போகும் எண்கள் நீதிமன்றத்தில் சில, சிறையில் சில, எங்கள் வீட்டில்கூடச் சில என்று சிதறிக் கிடந்தன. நாங்கள் எல்லோரிடமும் விடையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சிறை வாசலில் கேட்ட கணக்குகள்

தண்டனைக்குப் பிறகு தம்பியை வேறு மாவட்டத்திலுள்ள ஒரு மத்திய சிறைக்கு மாற்றுவதற்கு முன், சில மாதங்கள் அவன் புழலில் இருந்தான். பழைய மத்திய சிறை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த காலத்தை அம்மா நினைவில் வைத்திருக்கிறார். 2006-க்குப் பிறகு எல்லாமே செங்குன்றம் சாலைக்குப் போய்விட்டன. அங்கே தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்கு ஒரு சிறை என்று மூன்று தனித்தனியாக இருப்பதே, மனு போட, அதாவது கைதியைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதிக் கொடுக்க, போய் நின்ற முதல் நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மனு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். காத்திருக்கும் நேரத்தில் அவர்களுடைய பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும்: எப்போது விடுவார்கள்?

அந்த வரிசையில் நான் கேட்ட கணக்குகளை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். ஜெயிலில் பகல் ஒரு நாள், இரவு ஒரு நாள், ஆகவே இரண்டு ஆண்டுத் தண்டனை ஓர் ஆண்டில் முடிந்துவிடும் என்றார் ஒருவர். இதை நம்பாதவர் அங்கே மிகச் சிலர்தான். நானும் சில வாரங்கள் நம்ப விரும்பினேன். அப்போது நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, மாதமும் ஆண்டும் ஆங்கில நாட்காட்டிப்படியே கணக்கிடப்பட வேண்டும் என்று நேராகவே சொன்னது. அதில் இரவுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டுகள் என்றார் இன்னொருவர். ஆயுள் தண்டனை என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதற்குமானது என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. பதினான்கு என்ற எண் குற்றவியல் விசாரணை முறைச் சட்டத்தின் 433ஏ பிரிவிலிருந்து வருகிறது. மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றவரை அரசு முன்கூட்டியே விட நினைத்தாலும், அதற்கு முன் விடக் கூடாது என்ற கீழெல்லை அது. கீழெல்லையாக எழுதப்பட்ட எண், வாசலில் நிற்பவர்களின் வாயில் விடுதலை நாளாக மாறிவிட்டிருந்தது.

செப்டம்பர் நெருங்கினால் அண்ணா பிறந்த நாள் பேச்சு தொடங்கிவிடும். 2021 செப்டம்பரில், அண்ணாவின் 113-வது பிறந்த நாளையொட்டி 700 ஆயுள் தண்டனைக் கைதிகளை முன்விடுதலை செய்யப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு ஆயுள் தண்டனைக் கைதிகளுக்கானது, அதிலும் நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமானது. ஆனால் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டுத் தண்டனைக்காரர்களின் வீடுகளிலும் செப்டம்பர் 15-ஐ எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கைக் காட்ட யாரும் இல்லாத இடத்தில், மனிதர்கள் தமக்குத் தெரிந்த ஏதாவது ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த வரிசையில்தான் திருவொற்றியூரிலிருந்து வரும் ஓர் அக்காவைச் சந்தித்தேன். கணவருக்கு ஆயுள் தண்டனை. ஒரு நாற்பது பக்க நோட்டில், கணவர் விடுப்பில் வீட்டுக்கு வந்த நாட்களையெல்லாம் அவர் குறித்து வைத்திருந்தார். அந்த நாட்களும் தண்டனையில் கழிந்துவிட்டன என்பது அவருடைய எண்ணம். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'ஏககாலத்தில்' என்ற சொல்

என்னுடைய 14-ஆம் தேதி வாசலில் கேட்டதல்ல. தீர்ப்பைப் படித்து நானே போட்டது. அதனால்தான் அதன் மீது எனக்கு அவ்வளவு உறுதி இருந்தது.

தம்பி 2021 மார்ச் 8 அன்று முதல் வழக்கில் கைதானான். உள்ளே இருக்கும்போதே வேறொரு காவல் நிலையத்தின் வழக்கிலும் அவனைச் சேர்த்தார்கள். பி.டி. வாரண்ட் (ஏற்கெனவே சிறையில் இருப்பவரை வேறொரு வழக்குக்காகக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) மூலம் அந்த நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து, முறைப்படி கைது காட்டி, ரிமாண்ட் செய்த நாள் ஏப்ரல் 19. செப்டம்பர் 6-ஆம் தேதி இரண்டு வழக்குகளிலும் ஜாமீனில் வெளியே வந்தான். 2023 பிப்ரவரி 14 அன்று முதல் வழக்கில் இரண்டு ஆண்டுகள் கடுங்காவல். அன்றே சிறைக்குப் போனான். ஏப்ரல் 11 அன்று இரண்டாவது வழக்கிலும் இரண்டு ஆண்டுகள். ஒவ்வொன்றிலும் 5,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் மூன்று மாதம். இரண்டாவது தீர்ப்பில், இந்தத் தண்டனையை முதல் தண்டனையுடன் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டு தீர்ப்புகளின் கடைசிப் பத்தியிலும், ஏற்கெனவே சிறையில் இருந்த காலம் குற்றவியல் விசாரணை முறைச் சட்டம் பிரிவு 428-இன் கீழ் கழித்துக்கொள்ளப்பட வேண்டும் என்ற வரி இருந்தது.

இதை வைத்து நான் கணக்கிட்டேன். முதல் தண்டனை 2025 பிப்ரவரி 13-இல் முடிய வேண்டும். மார்ச் 8 முதல் செப்டம்பர் 6 வரை ரிமாண்டில் இருந்தது 183 நாட்கள். அதைக் கழித்தால் 2024 ஆகஸ்ட் 14. இரண்டாவது தண்டனைதான் ஏககாலத்தில் ஆயிற்றே, அது முதல் தண்டனைக்குள் அடங்கிவிடும் என்று நினைத்தேன். இங்கேதான் நான் தவறினேன். ஏககாலத்தில் என்றால் இரண்டும் ஒன்றாக ஓடும் என்பதுதான் பொருள். ஒன்றாக முடியும் என்று பொருள் இல்லை. பிந்தித் தொடங்கிய தண்டனை, அது விதிக்கப்பட்ட ஏப்ரல் 11-ஆம் தேதியிலிருந்து தன்னுடைய இரண்டு ஆண்டுகளை ஓடித்தான் தீர வேண்டும். முதலாவது முடிந்தாலும் இரண்டாவதின் மிச்சம் நிற்கும். நீதிமன்றம் அந்த ஒரு சொல்லையும் எழுதாமல் விட்டிருந்தால், 427-ஆம் பிரிவின்படி முதல் தண்டனை முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கியிருக்கும். தமிழ் படித்த எனக்கு அந்தச் சொல்லின் பொருளில் ஐயமே எழவில்லை. அதனால்தான் யாரிடமும் கேட்கவில்லை. என் அம்மா வட்டமிட்ட நாள் என்னுடைய அந்த உறுதியிலிருந்து வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

தம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய இரவில், கிளாம்பாக்கத்தில் இறங்கி வியாசர்பாடி வரும்வரை நான் யோசித்தது, சிறையில் சொன்ன ஏப்ரல், ஜூலை இரண்டில் எது சரி என்பதுதான். இரண்டுமே தவறாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மாமாவிடம் சொன்னபோது, "அரசாங்கக் கணக்கும்மா, அது தப்பாது" என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது.

பேனாவும் பென்சிலும்

15100 என்ற எண் தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண். அதில் பேசியபோதுதான், காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் என்னவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்று தெரிந்தது. ஒன்றரை ஆண்டு அது தெரியாமலே இருந்திருக்கிறேன். பாரிமுனையில் இறங்கி, உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் அலுவலகத்தைத் தேடிப் போனேன். அங்கே ஒரு பெண் வழக்கறிஞர் என்னை உட்கார வைத்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். நான் மூன்று தேதிகளையும் ஒரே மூச்சில் சொல்லி, "மேடம், இதுல எது சரி?" என்று கேட்டேன்.

அவர் தேதிகளைக் குறித்துக்கொள்ளவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டார். இடப்பக்கம் முதல் வழக்கு, வலப்பக்கம் இரண்டாவது வழக்கு. தீர்ப்பு நாள், தண்டனைக் காலம், அதே வழக்கில் ரிமாண்டில் இருந்த நாட்கள், அபராதம், ரெமிஷன் (சிறை நிர்வாகம் தரும் தண்டனைக் குறைப்பு) என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். நான் ஓர் எண்ணைச் சொன்னவுடன் அவருடைய அடுத்த கேள்வி ஒன்றேதான்: "இது எந்தத் தாள்ல இருக்கு?" தீர்ப்பின் நகல் என் கையில் இருந்ததால் தீர்ப்பு நாட்களையும் தண்டனைக் காலத்தையும் பேனாவால் எழுதினார். 183 என்றபோது, "யார் எண்ணினது?" என்றார். நான்தான் என்றேன். அதைப் பென்சிலால் எழுதினார். இரண்டாவது வழக்கின் ரிமாண்ட் நாட்களுக்கு, பி.டி. வாரண்ட் தேதியைத் தம்பி வாய்மொழியாகச் சொன்னதுதான் என்றேன். அதுவும் பென்சில். இரண்டாவது அபராதத்தை அம்மா கட்டிவிட்டார் என்றேன். ரசீது எங்கே என்றார். தெரியவில்லை என்றேன். பென்சில். ரெமிஷன் நாட்கள் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார்.

அரை மணி நேரத்தில் அந்தத் தாள் நிறைந்தது. பேனாவால் எழுதிய எண்கள் நான்கோ ஐந்தோதான். மற்ற எல்லாம் பென்சில். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. நான் தம்பியிடம் அவ்வளவு உறுதியாகச் சொன்ன தேதி இந்தப் பென்சில் எழுத்துகளிலிருந்து வந்தது. அவர் தாளை என் பக்கம் திருப்பிவைத்து, "சிறையில சொன்ன ரெண்டு தேதியும் இதே மாதிரிதான் வந்திருக்கும். அவங்க கையில எந்தத் தாள் இருக்கோ, அதை வச்சுப் போட்டிருப்பாங்க. முதல்ல அது எந்தத் தாள்னு பார்ப்போம். நீங்க இனிமே யார்கிட்டயும் தேதி கேட்காதீங்க, கணக்கைக் கேளுங்க" என்றார். தம்பி வலைக்கு அப்பால் நின்று கேட்டதும் இதே போன்ற ஒன்றைத்தானோ என்று எனக்குத் தோன்றியது. அவன் சொன்னபோது அதை மனமுடைந்த பேச்சாக மட்டுமே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாமா சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் உடனே இரண்டு வழக்குகளைச் சொன்னார். அவற்றை வீட்டுக்கு வந்து நான் முழுவதும் படித்தேன். பீகாரில் ருதுல் ஷா என்பவர் 1968-இல் விடுவிக்கப்பட வேண்டியவர், 1982-இல்தான் வெளியே வந்தார். அவருக்கு இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் 1983-இல் உத்தரவிட்டது. அது பழைய காலம் என்று ஒதுக்கிவிட வழி இல்லாமல், சத்தீஸ்கரில் உயர் நீதிமன்றம் தண்டனையை 7 ஆண்டுகளாகக் குறைத்த பிறகும் 10 ஆண்டுகள் 3 மாதங்கள் 16 நாட்கள் உள்ளே இருந்த ஒருவருக்கு 7.5 லட்சம் ரூபாய் வழங்கும்படி 2022-இல் உத்தரவு வந்தது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். என் தம்பி வெளியே வந்த பிறகும் இது தீர்ந்துவிடவில்லை. 2025 ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், தண்டனைக் காலம் முடிந்தும் யாராவது சிறையில் இருக்கிறார்களா என்று பார்த்து, வேறு வழக்கில் தேவைப்படாதவர்களை உடனே விடும்படி எல்லா மாநிலங்களுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அரசாங்கக் கணக்கும் மனிதர்கள் தாளைப் பார்த்துப் போடும் கணக்குதான்.

காணாமல் போன 141 நாட்கள்

கணக்கைக் கேட்பதற்கு அவர் காட்டிய வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு. அந்தச் சட்டத்தின் 7(1) பிரிவில், ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இருக்கிறது. மனுவின் தலைப்பிலேயே அந்தப் பிரிவை எழுதச் சொன்னார். மூன்றாம் நபரின் தகவல் என்று மறுத்துவிடாமல் இருக்கத் தம்பியின் கையொப்பமிட்ட ஒப்புதலையும் இணைத்தோம். 'விடுதலைத் தேதி என்ன?' என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. இரண்டு தண்டனை வாரண்டுகளின் நகல், ஒவ்வொன்றிலும் செட்-ஆஃப் (தண்டனையில் கழிக்க வேண்டிய ரிமாண்ட் காலம்) என்று குறிக்கப்பட்டுள்ள நாட்கள், இதுவரை வழங்கப்பட்ட ரெமிஷன், அபராதம் கட்டியதாகப் பதிவு உண்டா இல்லையா, இவற்றைக் கொண்டு தேதி கணக்கிடப்பட்ட முறை என்று மட்டும் கேட்டோம். பதில் 48 மணி நேரத்தில் வரவில்லை, ஒன்பதாவது நாள் வந்தது. ஆனால் வந்தபோது முழுமையாக வந்தது. அந்தத் தாள்களைக் கையில் வாங்கிய நாளில்தான் ஒன்றரை ஆண்டில் முதன்முறையாக ஒரு பதிலை முழுவதும் புரிந்துகொண்டேன்.

முதல் வாரண்டில் செட்-ஆஃப் 183 நாட்கள் என்று இருந்தது. இரண்டாவது வாரண்டில் அந்தக் கட்டம் 'இல்லை' என்று நிரப்பப்பட்டிருந்தது. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் கழித்துக்கொள்ளப்பட வேண்டும் என்று எழுதியிருந்தும், எத்தனை நாட்கள் என்ற எண் வாரண்டில் ஏறவில்லை. சிறை நிர்வாகம் தீர்ப்பைப் பார்த்து நாட்களை எண்ணுவதில்லை. தன்னிடம் வந்த வாரண்டில் உள்ள எண்ணைத்தான் கழிக்கிறது. எண் இல்லை என்றால் கழிப்பதற்கும் ஒன்றும் இல்லை. 2023 ஏப்ரல் 11 முதல் முழு இரண்டு ஆண்டுகளைப் போட்டதால் வந்தது 2025 ஏப்ரல் 10. அதன்மேல் அபராதம் கட்டப்படாததாகக் கொண்டு மூன்று மாதம் சேர்த்ததால் வந்தது ஜூலை 10. அபராதத்துக்கான தண்டனை மற்ற தண்டனைகளுடன் ஏககாலத்தில் ஓடாது. முதன்மைத் தண்டனைக்கு மேல் கூடுதலாகவே வரும். தொலைபேசியில் பேசிய இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் அபராதத்தைச் சேர்க்காமலும், மற்றவர் சேர்த்தும் சொல்லியிருக்கிறார்கள்.

எண் ஏன் விடுபட்டது என்பதை நான் ஊகிக்க மட்டுமே முடியும். 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கொரோனா இரண்டாம் அலையும் அதன் பின்விளைவுகளும் இருந்த காலம். ரிமாண்ட் நீட்டிப்புகள் காணொலி வழியாக நடந்தன. அவன் ஏற்கெனவே முதல் வழக்கில் உள்ளே இருந்தவன் என்பதால், இரண்டாவது வழக்கில் தனியாகக் காவலில் இருந்ததாக யாருக்கும் தோன்றாமல் போயிருக்கலாம். 428-ஆம் பிரிவு அதே வழக்கில் இருந்த காவலைத்தான் கழிக்கச் சொல்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு வழக்குகளிலும் காவலில் இருந்தவருக்கு இரண்டிலும் அந்த நாட்கள் கழியும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2001-லேயே பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியிருக்கிறது. தேவைப்பட்டதெல்லாம் ஏப்ரல் 19 அன்று இரண்டாவது வழக்கில் அவன் ரிமாண்ட் செய்யப்பட்டான் என்பதற்கான சான்றிட்ட நகல். அது கிடைத்த அன்று வழக்கறிஞர் தன் மேசையிலிருந்த பழைய தாளை எடுத்து, பென்சில் எழுத்தை அழித்துவிட்டு 141 என்று பேனாவால் எழுதினார்.

அபராத ரசீதை நான் வீடு முழுவதும் தேடினேன். அது அம்மாவின் ரேஷன் அட்டை உறைக்குள், பழைய கேஸ் ரசீது ஒன்றோடு மடிந்து கிடந்தது. பணம் கட்டியாயிற்று, ரசீது வந்தாயிற்று, இனி அதை எங்கே காட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. கட்டிய செய்தி சிறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மூன்று மாதம் நீங்கும். 5,000 ரூபாய் கட்ட வழியில்லாமல் உண்மையாகவே கூடுதல் மாதங்கள் இருப்பவர்களை நாங்கள் வாசலில் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்டவர்களுக்காக 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை உதவி கிடைக்க வழி இருக்கிறது. வரிசையில் நின்ற எவர் வாயிலிருந்தும் அதைப் பற்றி ஒரு சொல் நான் கேட்டதில்லை. இரவு ஒரு நாளாகக் கணக்காகும் என்ற பொய் அத்தனை பேரையும் எட்டியிருந்தது.

செப்டம்பர் கடைசியில் இரண்டாவது நீதிமன்றம், வாரண்டைத் திருத்தக் கேட்டு நாங்கள் போட்ட மனுவை ஏற்று, 141 நாட்களைக் குறித்துத் திருத்திய வாரண்டை அனுப்பியது. 2025 ஏப்ரல் 10-இலிருந்து 141 நாட்கள் பின்னால் போனால் 2024 நவம்பர் 20. சிறையில் அவன் பெற்றிருந்த ரெமிஷன் 36 நாட்கள். அதையும் கழித்தால் அக்டோபர் 15. செட்-ஆஃப் நீதிமன்றம் தருவது, ரெமிஷன் சிறை தருவது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் நான் முன்பெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். (இப்போது புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல், 427-க்கும் 428-க்கும் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 467, 468 ஆகிய பிரிவுகளைப் பார்க்க வேண்டும்.)

அக்டோபர் 15-ஐ நான் அம்மாவிடம் முதலில் தேதியாகச் சொல்லவில்லை. தாளைத் தரையில் விரித்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, கழித்தலைத் தன் விரல்களில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். காலண்டரில் வட்டமிடவில்லை. தம்பியிடமும் அப்படியே செய்தேன். நான் படிக்கப் படிக்க அவன், "141 எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டான். சொன்னேன். "சரி" என்றான். அதற்குப் பிறகு அவன் தேதியைப் பற்றி வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த நாள் சென்னையில் பெருமழை. பள்ளிகளுக்கெல்லாம் விடுமுறை விட்டிருந்தார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திவைத்த மழை அது. நான் முந்தின இரவே புறப்பட்டுப் போய்விட்டேன். அவன் வெளியே வந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. பக்கெட்டையும் போர்வையையும் ஆகஸ்டில் நினைத்த அதே ஆளுக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னான். திரும்பி வந்து சேர்ந்தபோது வியாசர்பாடியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அம்மா கதவைத் திறந்து வைத்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

திருவொற்றியூர் அக்காவின் நோட்டு

சில மாதங்களுக்கு முன் அந்த அக்காவைத் தேடிப் போனேன். நோட்டு அப்படியே இருந்தது. இன்னும் சில பக்கங்கள் கூடியிருந்தன. தமிழ்நாட்டில் தண்டனைக் கைதிகளுக்கு விடுப்பு கொடுப்பது 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி. விதியின் பெயரிலேயே இருப்பது போல, அது தண்டனையை நிறுத்திவைப்பது. கோவா சிறை விதிகள் பற்றிய ஒரு வழக்கில், முன்விடுதலைக்கான 14 ஆண்டுகளைக் கணக்கிடும்போது பரோலில் இருந்த நாட்களைச் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொன்னது. இதையெல்லாம் அவரிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் இத்தனை ஆண்டுகளாகக் கூட்டிவைத்த நாட்களை நான் கழித்துக் காட்டப் போகிறேன். ஆனால் பொய்யான ஒரு நாளை நம்பிக் காத்திருந்து அது கடந்துபோவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆகவே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை என் பக்கம் நகர்த்தி, "அப்ப இதை வச்சு என்னம்மா பண்றது?" என்றார்.

தம்பியும் நானும் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போகிறோம். ஒரு பெரிய தாளில் கோடு போட்டிருக்கிறோம். கைதான நாள், ஜாமீனில் இருந்த காலம், தீர்ப்பு நாள், ஒவ்வொரு விடுப்புக்கும் போன நாள், திரும்பிய நாள் என்று தம்பி நோட்டிலிருந்து படிக்கிறான், நான் எழுதுகிறேன். அவர் குறித்து வைத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடுப்பு உத்தரவின் நகல் வீட்டிலேயே இருக்கிறது. அவையெல்லாம் பேனாவுக்கு மாறிவிட்டன. நான்கு விடுப்புகளுக்கு உத்தரவு கிடைக்கவில்லை. ஜாமீனில் வந்த தேதிக்கும் தாள் இல்லை, அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட வேண்டும். ஒப்புதல் கடிதத்தில் அவருடைய கணவர் அடுத்த மனுவின்போது கையொப்பமிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.